அம்மாவைச் சுற்றி மூன்றாவது சுற்று

முதுகலை இலக்கியத்தின் கடைசிப் பருவத்தில் எங்களுக்கு ஒரு விருப்பப் பாடம் வந்தது. சென்ற நூற்றாண்டின் புகழ்பெற்ற நவீனச் சிற்பம் ஒன்றை எடுத்துக்கொண்டு, நம் ஊரின் பொருளையோ மனிதரையோ வைத்து அதைக் கணினியில் முப்பரிமாண உருவமாக மறுபடி படைக்க வேண்டும். பத்துப் பக்க விளக்கக் கட்டுரையும் எழுத வேண்டும். விருப்பப் பாடம் என்று பெயரே தவிர, தேர்ந்தெடுக்க வேறு பாடம் எதுவும் தரப்படவில்லை. அரியலூரில் எங்கள் கல்லூரியின் அந்த வகுப்பறை ஜன்னல்களுக்குத் திரை கிடையாது. காலை பதினோரு மணி வெயிலில் புரொஜெக்டர் காட்டிய வெண்கலமும் பளிங்கும் ஒரே வெளுப்பாகச் சுவரில் விழுந்தன. எங்கோ மக்கள் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கும் சிற்பங்களை, சுண்ணாம்புக்கல் லாரிகளின் ஹாரன் சத்தத்துக்கிடையே, நாங்கள் ஈரக்கறையைப் பார்ப்பதுபோலப் பார்த்தோம்.

"சிற்பத்த ஒரு பக்கமா பாக்கக் கூடாது. சுத்தி வந்து பாக்கணும்" என்றார் பாடம் நடத்திய மேடம். சுற்றி வருவதற்கு எங்களுக்குச் சுவர்தான் இருந்தது.

அவற்றுள் ஒன்று மட்டும் எனக்குப் பிடிபட்டது. ஒரு பெண் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். தலை மிகச் சிறியது. முகமென்று சொல்ல இரண்டு கீறல்கள். முழங்கால்கள் மடங்கி இரண்டு மேடுகளாக எழுந்திருக்கின்றன. மார்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துளை. அதன் வழியே பின்னாலிருக்கும் புல்வெளி தெரிகிறது.

"மேடம், டேமேஜ் பீஸா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மதியம் இரண்டு மணிக்கு மேல் என் அம்மா படுத்திருப்பது அப்படித்தான்.

எங்கள் ஊர் குன்னத்துக்குப் பக்கத்தில். அம்மா வெங்காயக் கொட்டகையில் வேலை செய்கிறாள்; சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளையும் வேரையும் நறுக்கி, பெரியது சிறியது என்று பிரிக்கிற வேலை. விடியும்முன் போனால் இரண்டு மணிக்கு வருவாள். கைகால் கழுவிச் சாப்பிட்டுவிட்டு, கூடத்துச் சிமெண்ட் தரையில் சுவரோரமாகப் பாயை விரித்து இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுப்பாள். இடக்கை தலைக்கு அடியில். வலக்கை இடுப்பில் ஊன்றியிருக்கும். முழங்கை மேல்நோக்கி மடங்கி நிற்கும். அந்தக் கைக்கும் இடுப்புக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டாகும். எதிரே உட்கார்ந்து படிக்கும் எனக்கு, அதன் வழியே பீரோவின் ஒரு காலும், அதற்கு முட்டுக்கொடுத்த மரத்துண்டும் தெரியும். இருபது நிமிடம். பிறகு யாரும் எழுப்பாமலே எழுந்துவிடுவாள். அம்மா ஒன்றும் செய்யாமல் இருந்து நான் பார்த்திருப்பது அந்த இருபது நிமிடங்களில் மட்டும்தான். அதைச் செய்வதென்று அந்த வகுப்பிலேயே தீர்மானித்தேன்.

அன்று மாலை சிற்பத்தின் படத்தைப் போனில் காட்டினேன்.

"இவ ஏன் இப்புடிக் கெடக்குறா? ஒடம்பு சரியில்லையா?"

"சும்மா படுத்திருக்காம்மா."

"நெஞ்சுல என்ன ஓட்ட?"

"வெளிச்சம் போறதுக்கு."

"வெளிச்சம் போறதுக்கு ஜன்னலு வப்பாங்க. நெஞ்சுலயா வப்பாங்க?"

அவளைத்தான் அதுபோலச் செய்யப்போகிறேன் என்றதும் சிரிப்பு நின்றது. "பகல்ல படுத்துக் கெடக்குறதப் படம் புடிச்சுக் காலேஜுல காட்டுவியா? பாக்குறவ என்ன சொல்லுவா? வெங்காயம் அறுக்கறவளுக்குப் பட்டப்பகல்ல படுக்கை கேக்குதான்னு சொல்லமாட்டா?"

"நீ படுத்திருக்கறதுதாம்மா அதுல விசயமே."

"நான் நின்னுக்கிட்டு இருக்கறது விசயமாத் தெரியலயா ஒனக்கு?"

ஒரு வாரம் பேசினேன். இயல்பில் நான் அதிகம் பேசுகிறவள் அல்லள். எனவே என் பேச்சுக்காக இல்லாமல், நான் பேசுகிறேனே என்பதற்காகவே அம்மா இறங்கிவந்தாள் என்று நினைக்கிறேன். உயிருள்ள மனிதரை உருவமாக்கினால் அவருடைய ஒப்புதல் எழுத்தில் வேண்டும் என்பது துறையின் விதி. அம்மா அந்தத் தாளில் முழுப் பெயரையும் எழுதி, கடைசி எழுத்தின் புள்ளியை மறந்து, தாளை என்னிடம் கொடுத்த பிறகு திரும்ப வாங்கிப் புள்ளி வைத்தாள். தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்தினேன்.

முறை எளியது என்று அதற்கான செயலியில் எழுதியிருந்தது. ஆளைச் சுற்றிவந்து போனில் படமெடுக்க வேண்டும்: தாழ்வாக ஒரு சுற்று, இடுப்பு உயரத்தில் ஒரு சுற்று, தலைக்கு மேலே தூக்கிப்பிடித்து ஒரு சுற்று. ஒரு படத்தின் பெரும்பகுதி அடுத்த படத்திலும் விழ வேண்டும். அப்போதுதான் கணினி அவற்றை ஒன்றோடொன்று தைத்து உருவமாக்கும். ஆள் அசையக் கூடாது. துணி ஆடக் கூடாது. நிழல் விழக் கூடாது. சுற்றிலும் தட்டுமுட்டுச் சாமான்கள் இருக்கக் கூடாது. இந்தச் செயலியை எழுதியவர் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மதியம் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

முதல் முறை அம்மாவுக்கு மூக்கு அரித்தது. இரண்டாம் முறை அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்து எழுந்து ஓடினாள். அன்று அவளைக் கடிந்துகொண்டேன். நடுவில் போன் சூடேறி நின்றுபோனதால், அதைப் பெரம்பலூருக்குக் கொண்டுபோய்க் கடையில் காட்டி வாங்கிவர ஒருநாள் போயிற்று. சமர்ப்பிக்க வேண்டிய நாள் வியாழன். மூன்றாம் முயற்சிக்கு ஒரு ஞாயிறுதான் மிச்சமிருந்தது.

அன்று நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. சுற்றி நடக்க இடம் போதாததால் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளையும் வெளியே கொண்டுபோய் வாசலில் போட்டேன். பாயைச் சுவரோரத்திலிருந்து இழுத்து நடுக்கூடத்தில் விரித்தேன். எங்கள் வாசல் வடக்கே பார்த்தது. வெளிச்சம் அங்கிருந்துதான் வரும். எனவே கதவை விரியத் திறந்துவைத்து, கால் வாசலைப் பார்க்கவும் தலை தெற்கே இருக்கவும் அம்மாவைப் படுக்கச் சொன்னேன். தலைப்பக்கம் இருட்டடித்ததால் எமர்ஜென்சி விளக்கைப் போட்டுத் தலைமாட்டில் வைத்தேன். மின்விசிறியையும் டிவியையும் நிறுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு, என்ன நடந்தாலும் அசையாமல் இருக்கச் சொன்னேன். போனைப் பிடித்த கைக்கு இடமாகச் சுற்றுவது வசதியாக இருந்ததால், இடமாகச் சுற்றினேன்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் என்ன வரும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. குறியீடுகளைப் பற்றி இரண்டு கட்டுரைகள் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான்.

மூன்றாவது சுற்றில் பாதி வந்திருப்பேன். அப்பாவின் அக்கா, விக்கிரமங்கலத்து அத்தை, சொல்லாமல் பஸ்ஸேறி வந்திருந்தாள். கையில் ஒரு பை முந்திரிப்பழம். வாசலில் கிடந்த நாற்காலிகளைப் பார்த்தபோதே யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்துவிட்டதாகப் பிற்பாடு சொன்னாள். படியேறி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அடி எங்க வூட்டு வெளக்கே! சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டியாடி!"

பை விழுந்தது. பழங்கள் தரையெங்கும் உருண்டன. அத்தை வாசற்படியிலேயே உட்கார்ந்து இரண்டு கைகளையும் தூக்கித் தூக்கி மார்பில் அடித்துக்கொண்டாள். "எந்தம்பிய தனியா தவிக்க விட்டுட்டியே! நேத்துக்கூட போன்ல, மொளகாத்தூளு அரச்சு வச்சிருக்கேன் அண்ணின்னு சொன்னியே! அத யாருடி எனக்கு எடுத்துக் குடுப்பா!"

என் விரல் பழக்கத்தில் படமெடுத்துக்கொண்டே இருந்தது. அதைவிட விந்தை, அம்மா அசையவில்லை. என்ன நடந்தாலும் அசையக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். முந்தைய முறை அசைந்ததற்கு ஏச்சு வாங்கியிருந்தாள். தனக்காகப் பாடப்பட்ட ஒப்பாரியை மிளகாய்த்தூள் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு உதடு பிரியாமல், பல்லிடுக்கில், "எடுத்துட்டியாடி?" என்றாள்.

செத்தவள் பேசியதைக் கேட்டு அத்தை போட்ட கூச்சலில்தான் தெரு கூடியது.

"அண்ணி, ஒண்ணுமில்ல அண்ணி, நல்லாத்தான் இருக்கேன்" என்று அம்மா எழுந்து உட்கார்ந்தபோது பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் ஓடிவந்திருந்தார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெளியே கிடந்த நாற்காலிகளுள் ஒன்றில் ஏற்கெனவே அமர்ந்திருந்தார்.

அத்தையின் அழுகை முகம் மாறாமலே கோபமானது. "எந்த ஊருலடி உசுரோட இருக்கறவளுக்குத் தலமாட்டுல வெளக்கு வச்சு எடமா சுத்துவாங்க? இதத்தான் காலேஜுல சொல்லிக் குடுக்கறாங்களா?"

"செல செய்யறதுக்கு அத்தை. கம்ப்யூட்டர்ல."

"செலையா? உசுரோட இருக்கறவளுக்கு யாருடி செல வப்பா? செத்தவங்களுக்குத்தான் வப்பாங்க!"

இந்தக் கேள்வி நான் படித்திருந்த விமரிசனக் கட்டுரைகள் எதிலும் இல்லை.

அத்தையின் கோபத்தில் பாதி பயம், பாதி வெட்கம். தெருவே கேட்க முழுக்குரலில் அழுதுவிட்டாள். அந்த அழுகையை இனித் திரும்ப வாங்க முடியாது. ஆகவே அது யாருடைய தப்பாவது ஆக வேண்டியிருந்தது. அம்மாவைத் தலைக்கு ஊற்றிக்கொள்ள வைத்தாள். கூடத்தைக் கழுவிவிடச் சொன்னாள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். கடைசியாக, அம்மாவைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்து, "எடமா சுத்துனவளே வலமா மூணு சுத்து சுத்தி எடு" என்றாள். போனை ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிட்டுச் சுற்றினேன். அப்போதுதான் அம்மாவின் முதுகைப் பார்த்தேன்: ஈரக்கூந்தல், ரவிக்கைக்கு மேலே வெயிலில் கறுத்த ஒரு பட்டை, குனிந்து குனிந்து முன்னுக்கு வளைந்துவிட்ட தோள். அந்த மூன்றாவது சுற்றில் நான் எடுக்க வேண்டியிருந்த படங்கள் இவைதான்.

அன்று மாலை விஷயத்தைக் கேட்ட அப்பா, ஒரு முந்திரிப்பழத்தைக் கடித்துக்கொண்டே, "எங்கக்கா அழுதுட்டுதுல்ல? இனிமே எமன் இந்தத் தெருப்பக்கமே வரமாட்டான் போ" என்றார். அம்மாவும் சிரித்தாள். திங்கட்கிழமை கொட்டகையிலிருந்து வந்தும் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எந்திரிச்சு வந்துட்டியா, காரியத்துக்கு வடை பாயசம்னு நெனச்சிருந்தமே, கெடுத்துட்டியேன்னு கேக்கறாளுங்கடி." செவ்வாய்க்கிழமையும் கேட்டிருப்பார்கள். அன்று அம்மா எதையும் சொல்லிக் காட்டவில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுக்கவுமில்லை.

அந்த நேரம் பார்த்து நான் கேட்டேன். "அந்த மூணாவது சுத்து மட்டும் முடிச்சுக்கறேம்மா. பாதிதான். அஞ்சு நிமிசம்."

"வேண்டாம்டி."

"அது இல்லாட்டி உருவம் முழுசா வராதும்மா."

"வேணும்னா பட்டுச்சேல கட்டிக்கிட்டுச் சேர்ல உக்காரறேன். நல்லா, சிரிச்ச மாதிரி எடு."

"அது வேற சிலை."

"அதுலயும் நாந்தான இருப்பேன்?"

"உனக்குப் புரியாது" என்றேன். படித்துக்கொண்டே போனால் ஒருநாள் பெற்றவர்களிடம் இதைச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் சொல்லமாட்டேன் என்று நினைத்திருந்தேன்.

புதன்கிழமை நான் கிளம்பும்போது, இருட்டில் கொட்டகைக்குப் போக நின்ற அம்மா, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டே, "படுத்திருக்கறத வக்காத, என்ன? வேற எதையாச்சும் வையி" என்றாள். பெரம்பலூரிலிருந்து வரும் முதல் பஸ்ஸின் விளக்கு திருப்பத்தில் தெரிந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு நான் ஓடினேன்.

துறையின் கணினி அந்தப் படங்களைத் தைக்கப் பகல் முழுதும் எடுத்துக்கொண்டது. நடுவே இருமுறை மின்சாரம் போய், முதலிலிருந்து தொடங்கியது. மாலையில் திரையில் வந்ததைப் பார்த்து நான் அழுதிருக்கலாம். ஆய்வகத்தில் ஆட்கள் இருந்தார்கள். அம்மாவின் முதுகு இல்லை; முதல் இரண்டு சுற்றிலும் அந்தப் பக்கம் இருட்டாகவே விழுந்திருந்தது. தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்த சாக்கைப்போலத் திறந்து, உள்ளே கூடு தெரிந்தது. வாசற்பக்கம் தரையிலிருந்து இரண்டு மங்கலான கிளைகள் முளைத்து நின்றன: அத்தையின் தூக்கிய கைகள். எல்லாவற்றையும்விடக் கொடுமை, எதற்காக இந்தச் சிற்பத்தைத் தேர்ந்தெடுத்தேனோ கைக்கும் இடுப்புக்கும் நடுவேயுள்ள அந்த இடைவெளியைக் கணினி பிழையென்று கருதி அடைத்திருந்தது. நான் வேண்டிய துளையை மூடி, வேண்டாத இடத்தில் துளையிட்டிருந்தது. முழு உருவத்திலும் துல்லியமாக வந்திருந்தவை, அம்மாவின் பாதத்தருகே உருண்டு நின்ற இரண்டு முந்திரிப்பழங்கள். கொட்டைகூடத் தனியாகத் தெரிந்தது.

வேறு எதையாவது வைக்க ஓர் இரவு இருந்தது. நான் வேறு எதையும் தேடவில்லை. அம்மா சொன்ன சொல் காதில் இருந்தது. அவள் கையெழுத்திட்ட தாள் பையில் இருந்தது. வியாழக்கிழமை நான் தாளைத்தான் மேசைமேல் வைத்தேன்.

மதிப்பிட மூன்று ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முன்னால் ஒருவன், மெலிந்து நீண்டு நடக்கும் ஒரு வெண்கல மனிதனை, சிமெண்ட் தூசி படிந்து லாரிச் சாலையோரம் நடப்பவனாகச் செய்திருந்தான்; எலும்பும் நடையுமாக, சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தான். அவனுக்குத் தலையாட்டினார்கள். என்னுடையதைப் பார்த்ததும் மேடம் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப்போட்டுக்கொண்டார்.

"பிரமாதம்மா! அந்த மார்புத் துளைய முதுகுக்கு மாத்தியிருக்க பாரு. உழைக்கிற பெண்ணோட உடம்பு நமக்கு முழுசாக் கெடைக்காதுங்கறத இதவிட எப்படிச் சொல்றது?"

"அது படம் எடுக்க முடியாமப் போன பகுதி மேடம்."

"அந்த ரெண்டு கை? துக்கமே எழுந்து நிக்கற மாதிரி இருக்கு."

"அது எங்க அத்தை மேடம்."

மூவரும் சிரித்தார்கள். அடக்கமாகப் பேசுகிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள். கைக்கருகே இடைவெளி இருந்திருக்க வேண்டும், அதுதான் இந்த உருவத்தின் பொருளே, அது இப்போது இதில் இல்லை என்று முடிந்தவரை தெளிவாகச் சொன்னேன். "படைச்சவங்க நோக்கம் முக்கியமில்ல, படைப்புதான் பேசணும். நீயே எழுதியிருக்கியேம்மா" என்றார் மேடம். எழுதியிருந்தேன், முந்தின பருவத்தில், பன்னிரண்டு பக்கம். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குக் கொடுத்தார்கள். ஒருவார காலம் துறையின் நடைகூடத் திரையில் அந்த உருவம் சுழன்றுகொண்டிருக்க ஏற்பாடு செய்தார்கள். அது இடமாகத்தான் சுழன்றது. மாற்ற முடியுமா என்று கேட்டேன். மென்பொருளின் வழக்கம் அதுதான் என்றார்கள்.

சனிக்கிழமை அம்மாவிடம் நானே காட்டினேன். யாரோ சொல்லி அவள் அறிவதைவிட நான் காட்டுவது நேர்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மதிப்பெண்ணைச் சொல்லும் ஆசையும் இருந்தது. அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். விரலால் தள்ளினால் உருவம் திரும்பும் என்று காட்டிக்கொடுத்தேன். மெல்லத் திருப்பினாள்.

"என் முதுகு எங்கடி?"

"மூணாவது சுத்து முடியலயேம்மா."

"கைக்கிட்ட ஏதோ சந்து இருக்கும், அதுல பீரோ தெரியும்னியே?"

"கம்ப்யூட்டர் அடச்சிருச்சு."

இன்னும் ஒரு சுற்றுத் திருப்பினாள். வெங்காயச் சாறு ஏறிக் கறுத்த அந்தக் கட்டைவிரலுக்குக் கீழே அவள் உருவம் தலைகீழானது. "அண்ணி கொண்டாந்த பழம் நல்லா வந்திருக்கு" என்றாள். பிறகு, கோபமில்லாமல், ஒரு விஷயத்தைச் சரிபார்ப்பவளைப்போலக் கேட்டாள்: "வக்காதன்னு சொன்னேன்ல?"

"கையெழுத்துப் போட்டிருந்தியேம்மா."

"ஆமா. போட்டேன்" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டு, விட்ட பாத்திரத்தைத் தேய்க்கப் போனாள். மதிப்பெண்ணை நான் சொல்லவில்லை.

பருவத்தேர்வு முடிந்து இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். கொட்டகைக்காரிகளுக்குக் கேலி செய்ய வேறு யாரோ கிடைத்துவிட்டார்கள். அத்தை இரண்டுமுறை வந்து மிளகாய்த்தூள் வாங்கிப் போய்விட்டாள். நடந்ததை எல்லாரும் சிரித்துத் தீர்த்துவிட்டார்கள். ஆனால் இரண்டு மணிக்கு வந்து சாப்பிட்ட பிறகு அம்மா பாயை விரிப்பதில்லை. நான் எதிரே உட்கார்ந்திருந்தால், சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, கண் செருகச் செருக விழித்துக்கொண்டிருக்கிறாள். படுத்துக்கொள் என்று ஒருமுறை சொன்னேன். "தூக்கம் வரல" என்றாள். போனை அவள் கண்ணெதிரே அணைத்துப் பீரோவுக்குள் வைத்தும் பார்த்தேன். பீரோவை ஒருமுறை பார்த்தாள், படுக்கவில்லை.

ஒருநாள் குன்னத்துக்குப் போய்விட்டு நேரத்தோடே திரும்பியபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன்: சுவரோரம், பாயில், இடப்பக்கமாக, கை இடுப்பில். நான் கேட்டைத் தொட்டதும் பாய் சுருட்டும் சத்தம் கேட்டது.

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மா சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்தில், ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பிவிடுகிறேன்.

"இந்த வெயில்ல எங்கடி போற?"

"சும்மாம்மா. பஸ் ஸ்டாப் வரைக்கும்."

அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை. அரியலூர் பஸ் ஒன்று நின்று, என்னைப் பார்த்துவிட்டு, நான் ஏறாததால் எரிச்சலோடு போகும். இருபத்தைந்து நிமிடம் கழித்துத்தான் திரும்பி நடக்கிறேன். கேட்டைத் தொடுவதற்கு முன்னால் இருமுறை இருமுகிறேன்.